மார்க்கெட்டிங்கிலிருந்து மருத்துவ அறக்கட்டளைக்கு: நெல்லையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில் சோப்பு, பிறகு மசாலாப் பொடி, கடைசியாகக் காப்பீடு என்று சென்னையிலும் மதுரையிலும் பத்தாண்டுகளுக்கு மேல் மார்க்கெட்டிங் பார்த்தவள் நான். இப்போது பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவ அறக்கட்டளையில் நிதி திரட்டலையும் மக்கள் தொடர்பையும் கவனிக்கிறேன். எம்.பி.ஏ. படிக்கும் பிள்ளைகள், கம்பெனி வேலையில் சலித்துப்போனவர்கள், "மகன் இப்படிச் சொல்கிறானே" என்று பதறும் பெற்றோர் ஆகியோர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை.

நல்ல வேலையை விட்டு ஏன் வந்தீர்கள்?

தியாகம் எதுவும் இல்லை. கணவருக்குத் திருநெல்வேலிக்கு மாற்றல் வந்தது. இங்கே என் அனுபவத்துக்குக் கிடைத்ததெல்லாம் ஏஜென்சிக் கணக்குப் பார்க்கும் வேலைகள்தான். அந்த நேரத்தில் ஒரு அறக்கட்டளை ஆள் தேடியது, சேர்ந்தேன். வேலை பிடித்தது அதற்குப் பிறகுதான். நேர்முகத்தில் சேவை மனப்பான்மை பற்றிக் கண் கலங்கப் பேசுகிறவர்களைவிட, "ஊரோடு இருக்க வேண்டும், எனக்கு இந்த வேலை தெரியும்" என்று சொல்கிறவர்களே நீடிக்கிறார்கள். இது என் கணிப்பு, மாற்றுக் கருத்து உடையவர்கள் எங்கள் அலுவலகத்திலேயே உண்டு.

கம்பெனி மார்க்கெட்டிங்குக்கும் இதற்கும் அடிப்படையில் என்ன வித்தியாசம்?

சோப்பில் காசு கொடுப்பவரும் குளிப்பவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். நுரை வரவில்லை என்றால் அடுத்த மாதம் வேறு சோப்பு வாங்கிவிடுவார்கள், கம்பெனிக்குச் சேதி போய்விடும். இங்கே பணம் தருபவர் துபாயில் இருப்பார், சிகிச்சை பெறுபவர் வீரவநல்லூரில் இருப்பார். தந்தவருக்குச் சிகிச்சை எப்படி நடந்தது என்று தெரியாது. பெற்றவருக்குக் குறை சொல்லக் கூச்சம், "சும்மா செய்கிறார்கள், இதில் போய் என்ன கேட்பது" என்று இருந்துவிடுவார். அதனால் சேவை மோசமாகவும் புகைப்படம் அழகாகவும் இருக்கிற ஒரு நிறுவனம் ஆண்டுக்கணக்கில் ஓடிவிட முடியும். சந்தை தானாகத் திருத்தும் என்று எம்.பி.ஏ.வில் படித்தது இங்கே செல்லாது. இருவருக்கும் நடுவில் இருப்பது உங்கள் மேஜைதான். வீரவநல்லூர்க்காரரின் குறையைத் துபாய்க்காரரின் காதுக்குக் கொண்டுபோகிற வேலையும் உங்களுடையதே. இதைச் சம்பளப் பேச்சின்போது யாரும் சொல்ல மாட்டார்கள்.

மருத்துவம் படிக்காமல் இந்த வேலை செய்ய முடியுமா?

முடியும். நீங்கள் எழுதுகிற ஒவ்வொரு வரியையும் மருத்துவர் ஒருவர் பார்த்த பிறகே அச்சுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். ஒரு சட்டத்தை மட்டும் படித்துவிடுங்கள். மருந்து மற்றும் மந்திர நிவாரணங்கள் தொடர்பான ஆட்சேபகரமான விளம்பரங்களுக்கு எதிரான 1954ஆம் ஆண்டுச் சட்டம் அது. நீரிழிவு, புற்றுநோய், கண்புரை என்று நீளும் அதன் பட்டியலில் உள்ள நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்யக் கூடாது. "சர்க்கரைக்கு நிரந்தரத் தீர்வு" என்று சுவரெழுத்துப் பார்த்தே வளர்ந்த நமக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பதே வியப்பாகத்தான் இருக்கும்.

என் மார்க்கெட்டிங் அனுபவம் எந்த இடத்தில் உண்மையாகப் பயன்படும்?

வராதவர் ஏன் வரவில்லை என்று கண்டுபிடிக்கிற இடத்தில்.

கண் முகாமை எடுத்துக்கொள்வோம். டாக்டர் கோ. வெங்கடசாமி பணி ஓய்வுக்குப் பிறகு 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1988இல் திருநெல்வேலிக்கு வந்தது. அது வேரூன்றச் செய்த முகாம் முறை இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் பழக்கம். உள்ளூரில் அரிமா சங்கமோ கோயில் கமிட்டியோ கடைக்காரரோ இடத்தையும் விளம்பரத்தையும் ஏற்றுக்கொள்வார்கள். மருத்துவக் குழு வந்து பார்க்கும். கண்புரை இருப்பவர்களை மருத்துவமனைக்கு அழைத்துப்போய் அறுவை செய்து ஊரில் கொண்டுவந்து விடுவார்கள். எல்லாம் இலவசம், சாப்பாடு உட்பட. இந்த முறையைப் பின்பற்றி நாங்கள் நடத்தும் முகாம்களில், இவ்வளவு இருந்தும், வரவேண்டிய பலர் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

நான் சேர்ந்தபோது எங்கள் முகாம் நோட்டீஸ் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது. உச்சியில் "மாபெரும்". நடுவில் தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை, நன்றியுரை என்று பெயர் வரிசை. நாளும் இடமும் கீழே ஓரத்தில், எறும்பு அளவு எழுத்தில். பார்வை மங்கியவர்களுக்காக அடித்த நோட்டீஸ் அது! பெயர்களை எடுத்துவிடலாம் என்றால் முடியாது, அடுத்த முகாமுக்கு இடம் கிடைக்காது. ஆகவே பெயர்கள் ஒரு பக்கத்துக்குப் போயின. மறுபக்கத்தில் தடித்த எழுத்தில் நான்கே விஷயங்கள்: எத்தனை நாள் தங்க வேண்டும், கூட ஆள் வர வேண்டுமா, சர்க்கரை மாத்திரையை நிறுத்த வேண்டுமா, அறுவைக்குப் பிறகு எப்போது தலைக்குக் குளிக்கலாம். முகாமுக்கு வராத பெரியவர்களின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டபோது வந்த கேள்விகள் இவைதாம். எங்கள் பட்டியலில் இல்லாத ஐந்தாவது கேள்வியும் ஒன்று வந்தது. "நான் போய்விட்டால் ஆட்டை யார் பார்ப்பார்கள்?" அதற்கு நோட்டீஸில் பதில் எழுத முடியாது. பக்கத்து வீட்டு மதினியிடம் போய்ப் பேசத்தான் வேண்டும். எங்கள் களப்பணியாளர்கள் பேசினார்கள்.

அடுத்தது நாள். பங்குனி உத்திரத்துக்கு அவரவர் சாஸ்தா கோயிலைத் தேடி ஊரே கிளம்பிவிடும். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில். அம்மன் கோயில் கொடை பெரும்பாலும் செவ்வாயை ஒட்டி வரும், அந்த வாரம் யாரும் கண்ணைப் பற்றி நினைக்க மாட்டார்கள். இதெல்லாம் சென்னை அலுவலகத்தின் நாள்காட்டியில் இருக்காது. முக்கூடல், ஆலங்குளம் வட்டாரத்தில் பீடி சுற்றும் பெண்களுக்கு வேறொரு கணக்கு இருக்கிறது. மடியில் சொளவை வைத்துக்கொண்டு சுற்றியதைக் கடையில் கொடுத்தால்தான் கூலி, முகாமில் பாதி நாள் போனால் அந்தக் கூலி போச்சு. காலை பத்து மணி என்று நாம் அச்சடிக்கும்போதே அவர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிடுகிறோம்.

இடத்தையும் பார்க்க வேண்டும். ஒரு சமுதாயத்தின் மண்டபத்தில் முகாம் வைத்தால் பக்கத்துத் தெரு வராது. யாரும் தடுக்க மாட்டார்கள், ஆனால் வர மாட்டார்கள். அரசுப் பள்ளிக்கூடம் எப்போதும் உத்தமம். மண்டபத்தில் மின்விசிறி இருக்கிறது, சாப்பாட்டுக் கூடம் இருக்கிறது என்று புரவலர் வற்புறுத்தினாலும் பள்ளிக்கூடத்தையே கேளுங்கள்.

மைக் கட்டிய ஆட்டோ மெயின் ரோட்டில் மதியம் சுற்றினால் கேட்பதற்குக் கடைக்காரர்கள்தாம் இருப்பார்கள். ரேஷன் கடை வரிசையிலும் நூறு நாள் வேலை நடக்கும் கண்மாய்க் கரையிலும் ஒருவர் நின்று சொன்னால் சேதி வீட்டுக்குப் போகிறது. சோப்பு விற்றபோது இதையே விநியோகம் என்று சொல்லிப் பெரிய சம்பளம் வாங்கினேன்.

கம்பெனியில் கற்ற எதை மறக்க வேண்டும்?

அவசரப்படுத்துவதை. "இன்றே கடைசி" என்ற உத்தி நன்கொடை வேண்டுகோளிலும் வேலை செய்யும், அதுதான் ஆபத்து. "இன்றிரவுக்குள் பணம் வராவிட்டால் இந்தக் குழந்தை" என்று எழுதினால் பணம் வரும். அடுத்த ஆண்டு அதே நன்கொடையாளர் உங்கள் கடிதத்தைப் பிரிக்க மாட்டார். உண்மையிலேயே அவசரமான நாள் ஒன்று வரும்போது உங்களிடம் சொல்லே மிச்சம் இருக்காது.

நோயாளிகளின் படத்தைப் போட்டால்தான் பணம் வருமாமே?

வரும். கேட்க வேண்டியது, அந்தப் படத்தை எடுத்த விதத்தை.

அறுவைக்கு முன் கட்டிலில் உட்கார வைத்து ஒப்புதல் படிவத்தில் கைநாட்டு வாங்குவது ஒப்புதல் ஆகாது. மறுத்தால் சிகிச்சை கிடைக்காமல் போகுமோ என்ற பயத்தில் யாரும் கைநாட்டு வைப்பார்கள். நாங்கள் சிகிச்சை எல்லாம் முடிந்து, மறுபரிசோதனைக்கு வரும்போது கேட்கிறோம். வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிடுவோம். பிறகு மனம் மாறினாலும் படத்தை எடுத்துவிடுவோம் என்று சொல்லி, யாரிடம் சொல்ல வேண்டும் என்பதையும் தமிழில் எழுதிக் கொடுக்கிறோம். எச்.ஐ.வி. என்றால் பேச்சுக்கே இடமில்லை, ஒருவருடைய நிலையை அவருடைய ஒப்புதல் இல்லாமல் வெளியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. காசநோய்க்கும் அதே கவனம் வேண்டும் என்பது என் பிடிவாதம். ஆறு மாத மருந்தில் பெரும்பாலும் குணமாகிவிடுகிற நோய்க்காக ஒரு பெண்ணின் கல்யாணப் பேச்சு நின்றுபோவதை இந்த ஊரில் பார்க்கலாம்.

அம்பாசமுத்திரம் பக்கத்துப் பாட்டி ஒருவர், படம் எடுக்கலாமா என்று கேட்டதற்கு, "இந்தச் சேலையிலா?" என்றார். அடுத்த முறை பேரன் கல்யாணத்துக்கு எடுத்த அரக்கு நிறச் சேலையில், புதுக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்தார். கந்தல் சேலையும் கண்ணீரும் இருந்தால்தான் மனம் இளகும் என்று எங்கள் அச்சக நண்பர் வாதாடினார். அந்த ஆண்டு மடலில் பாட்டிதான் அட்டைப்படம். எனக்கு வந்த நன்கொடையாளர் கடிதங்களில் பல, அவர் எந்த ஊர், இப்போது எப்படி இருக்கிறார் என்று விசாரித்தன.

பணம் எங்கிருந்து வருகிறது?

பெரிய கம்பெனிகள் என்று நினைத்துக்கொண்டுதான் எல்லோரும் வருகிறார்கள். எங்களுக்கு முதுகெலும்பு சிறிய தொகைகள். அப்பா நினைவு நாள், பிள்ளையின் பிறந்த நாள், புதுமனை புகுவிழா என்று நாள் குறித்துக் கொடுக்கும் பழக்கம் இங்கே ஆழமாக இருக்கிறது. அன்னதானத்துக்குக் கொடுத்தவர்களிடம் ஒரு கண் அறுவைக்குக் கொடுங்கள் என்று கேட்பது கடினமில்லை. பாளை மார்க்கெட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் மாதாமாதம் தருகிறார். வண்ணப் பக்கங்கள் கொண்ட ஆண்டறிக்கையை அவர் பொட்டலம் மடிக்க வைத்துக்கொள்வார். அவருக்கு வேண்டியவை இரண்டு: அன்றே ரசீது, போன மாதப் பணத்தில் யாருக்குப் பார்த்தீர்கள் என்று ஒரு போன். அந்த போனை நான் எந்த வேலை இருந்தாலும் தள்ளிப்போட மாட்டேன்.

ரசீது என்றதும் 80ஜி, அதாவது நன்கொடையாளருக்கான வருமான வரிச் சலுகை. பதிவு பெற்ற அறக்கட்டளைக்குத் தரும் நன்கொடையில் பொதுவாகப் பாதித் தொகைக்கு, வருமானத்தை ஒட்டிய உச்சவரம்புக்குள், வரிக் கழிவு கிடைக்கும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் கிடையாது. மார்ச் மாதம் வரி மிச்சம் என்று மட்டும் சொல்லி நன்கொடை கேட்ட நிறுவனங்கள் இப்போது தடுமாறுவது இதனால்தான்.

வெளிநாட்டுப் பணத்தில் பலர் குழம்புகிறார்கள். சவுதியில் வேலை பார்க்கும் கடையநல்லூர்க்காரர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து, தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்ட அவருடைய மைத்துனர் அனுப்பினால் ஆகும். அதை வாங்க 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் முதலில் புதுடெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வர முடியும், அதில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கல்யாண வீட்டில் மைத்துனர் ஆசையாக நீட்டும் டாலரை வாங்காமல் இருக்கத் தெரிவதும் இந்த வேலையில் சேர்த்தி.

சி.எஸ்.ஆர்., அதாவது கம்பெனிகளின் சமூகப் பொறுப்புப் பணம் கடைசியாக. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆவது பிரிவு 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய் ஆகியவற்றில் ஒன்றைத் தொட்ட கம்பெனி, மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஆலை இருக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரச் சட்டமே சொல்கிறது, ஆகவே கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் உங்கள் கால் அடிக்கடி போக வேண்டும். நல்ல பணம்தான். ஆனால் ஆம்புலன்ஸ் வாங்கத் தருவார்கள், டிரைவர் சம்பளத்துக்குத் தரத் தயங்குவார்கள். பெயர் எழுத வண்டியில் இடம் இருக்கிறது, டிரைவர் சட்டையில் எழுத முடியாது அல்லவா!

"நான் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் நோயாளிக்கே போகுமா?" என்று கேட்டால் என்ன சொல்வது?

போகாது என்று சொல்லுங்கள். கணக்கர், மின்கட்டணம், முகாமுக்குப் போகும் வண்டியின் டீசல், என் சம்பளம் எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். நூற்றுக்கு நூறும் நோயாளிக்கே என்று விளம்பரம் செய்கிறவர்கள் இந்தச் செலவை வேறொரு புரவலர் தலையில் போட்டிருப்பார்கள், அல்லது பொய் சொல்கிறார்கள். தணிக்கை செய்த கணக்கை எடுத்து மேஜையில் வையுங்கள். கேள்வி கேட்டவரில் பாதிப் பேர் அதைப் பார்த்துவிட்டுக் காசோலை எழுதுவார்கள்.

சம்பளம் எவ்வளவு குறையும்?

எனக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. நெல்லையில் வாடகையும் பள்ளிக் கட்டணமும் குறைவு என்பதால் சமாளித்தோம். வீட்டுக் கடன் தவணை ஓடிக்கொண்டிருந்தால் முதலில் அதைக் கணக்குப் போடுங்கள். வருங்கால வைப்பு நிதி உண்டா, மருத்துவக் காப்பீடு உண்டா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். ஊருக்கெல்லாம் மருத்துவம் பார்த்துவிட்டுத் தன் ஊழியருக்குக் காப்பீடு எடுக்காத அறக்கட்டளைகள் இருக்கின்றன.

வீட்டில் என்ன சொன்னார்கள்?

"சம்பளம் குறைந்தால் என்ன, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பாய்" என்றார் மாமியார். முகாம்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைதான்.

திருநெல்வேலியிலேயே இந்த வேலை கிடைக்குமா, சென்னைக்குத்தான் போக வேண்டுமா?

இங்கேயே கிடைக்கும், விளம்பரமாக வராது. இந்தச் சீமையில் மருத்துவ, மறுவாழ்வுத் தொண்டுக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கும் செவித்திறன் குறைந்தோருக்கும் பள்ளிகள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தொடங்கிவிட்டன. களக்காடு பக்கம் டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் 1901இல் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தோடு பிறகு மருத்துவமனையும் வளர்ந்தது. தென்காசி அருகே ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் அவர், 2020இல் பத்மஸ்ரீ பெற்றார். மாற்றுத்திறனாளி ஒருவரே தலைமை ஏற்று நடத்தும் இடத்துக்கு ஒருமுறை போய்வந்தால், பரிதாபத்தை விற்கும் விளம்பரம் எவ்வளவு மலிவானது என்று தெரியும்.

இது தவிரப் பெயர்ப் பலகைகூடச் சரியாக இல்லாத சின்ன அறக்கட்டளைகள் நிறைய. அங்கே "மார்க்கெட்டிங்" என்று பதவியே இருக்காது. திட்ட அலுவலர், மக்கள் தொடர்பு அலுவலர், சில இடங்களில் வெறும் மேலாளர்.

அரசே எல்லாம் செய்கிறதே, அறக்கட்டளை எதற்கு?

நியாயமான கேள்வி. ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனை இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. அறக்கட்டளை இவற்றோடு போட்டி போட்டால் பணம் வீண். காப்பீட்டு அட்டைக்கு வருமானச் சான்று வாங்க முடியாமல் அலையும் குடும்பத்துக்குத் துணை போவது, டயாலிசிஸுக்கு வாரம் இரண்டு மூன்று முறை ராதாபுரத்திலிருந்து வருபவரின் பஸ் செலவு, துணைக்கு வந்தவரின் சாப்பாடு என்று இடைவெளிகள் ஏராளம். நன்கொடையாளருக்கு இவை கவர்ச்சியாக இருக்காது. கவர்ச்சி இல்லாததை எப்படிச் சொல்வது என்பதற்காகத்தான் உங்களைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

சேரும் முன் அறக்கட்டளை நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அறக்கட்டளையின் வருமானத்துக்கு வரிவிலக்குத் தரும் 12ஏபி பதிவும் நன்கொடையாளருக்கான 80ஜி பதிவும் நடப்பில் இருக்கின்றனவா, மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கையைக் காட்டுவார்களா என்று கேளுங்கள். அறங்காவலர்கள் அனைவரும் ஒரே குடும்பமா என்று பாருங்கள். பிறகு யாரிடமும் சொல்லாமல் அவர்களுடைய புறநோயாளிப் பிரிவுக்குப் போய் ஒரு காலை உட்காருங்கள். இலவச நோயாளியை வாடி, போடி என்று கூப்பிடுகிற இடம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். எந்தத் தணிக்கை அறிக்கையிலும் அது வராது.

எப்படி நுழைவது?

அலைபேசியில் விண்ணப்பம் அனுப்புவதைவிட ஒரு முகாமுக்குத் தன்னார்வலராகப் போங்கள். பதிவு மேஜையில் உட்காருங்கள், பெயர், வயது, ஊர் எழுதுங்கள். முடிந்ததும், வந்தவர்கள் எந்தெந்தத் தெரு, வராத தெருக்கள் எவை என்று ஒரு தாளில் எழுதிக்கொடுங்கள். அந்தத் தாளைப் பார்த்துவிட்டு உங்களை விட மாட்டார்கள். நல்ல தமிழில் பிழையில்லாமல் ஒரு கடிதம் எழுதத் தெரிவது இன்று அபூர்வமான தகுதி. சமூக ஊடகத் திறமை எல்லோரிடமும் இருக்கிறது, இந்தக் கடிதத்துக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை.

திரும்பக் கம்பெனி வேலைக்குப் போக முடியுமா?

போகலாம். என்னோடு இருந்தவர்கள் தனியார் மருத்துவமனைகளுக்கும் கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். பிரிவுகளுக்கும் போயிருக்கிறார்கள். சேவை செய்தேன் என்று சொன்னால் அங்கே மதிப்பு இல்லை. முதல் ஆண்டு கொடுத்தவர்களில் எத்தனை பேர் மறு ஆண்டும் கொடுத்தார்கள், முகாமில் அறுவை தேவை என்று சொல்லப்பட்டவர்களில் எத்தனை பேர் உண்மையில் வந்து செய்துகொண்டார்கள் என்று ஆண்டுதோறும் எழுதிவைத்திருந்தால் கேட்பார்கள். போகும்போது நன்கொடையாளர் பட்டியலைப் பிரதி எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அது அவர்கள் அறக்கட்டளையை நம்பித் தந்த விவரம், தனிநபர் தரவைப் பாதுகாக்க 2023இல் சட்டமே வந்துவிட்டது. பாளை மார்க்கெட் அண்ணாச்சிக்குப் புதுக் கம்பெனியிலிருந்து போன் போனால், முதலில் எனக்குத்தான் கூப்பிடுவார்.